சீனப் படத்தின் கதை

"சீனப் பாஷையில எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. அதனாலதான்க்கா அந்தப் படத்துக்குப் போறேன்."

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் இப்படிச் சொன்னாள். மற்றவள் பசார் கூடையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"டவுன்ல தமிழ்ப் படமும் ஓடுதேலா?"

"எங்க வீட்டுக்காரர் கூரையிலேருந்து விழுந்து படுத்துட்டாருல்ல, நான்தான் பாத்துட்டு வந்து கதை சொல்லணும். தமிழ்ப் படமுன்னா பக்கத்து வீட்டுல உள்ளவங்களும் வந்து சொல்லிடுறாங்க. போன படத்துல படுக்கையில கெடந்தவன் செத்துப்போயிட்டான். அதைக் கேட்டு ரெண்டு நாள் சாப்பிடல இவரு."

"சீனப் படமுன்னா?"

"எங்க வரிசை வீடுகள்ல யாருக்கும் சீனம் புரியாது. நான் சொல்றதுதான் கதை. எனக்கும் கொஞ்ச நேரம் யாரு பேசுறதும் புரியாம உக்காந்திருக்கலாம்."

பஸ் வந்து நின்றது. மூத்தவள் சிரித்தபடி ஏறினாள்.

"சரி, இன்னிக்கு என்ன கதை?"

"இன்னும் பாக்கலியேக்கா. ஆனா கடைசியில அவன் எழுந்து நடந்துருவான்."