மக்குற நூல்

ஆமா, மாப்பிள்ளன்னுதான் கூப்பிடுவேன். வேற எப்படிக் கூப்பிடச் சொல்றீங்க? அடுத்த மாசம் உங்களுக்கு வேற ஒரு மாமியா வரப்போறா, அது உங்க பாடு. எனக்கு இருந்தது ஒரே பொண்ணு, அதனால ஒரே மாப்பிள்ளதான். உக்காருங்க. நாற்காலியில தச்ச துணி கெடக்கு பாருங்க, ஓரமா எடுத்து வைங்க. கசக்கிடாதீங்க, சாயங்காலம் ஆள் வந்துடும்.

கோவமா? எனக்கென்ன கோவம், தாராளமா கட்டிக்கோங்க. ஆம்பள எத்தன நாளைக்குத் தனியாப் பொங்கித் தின்ன முடியும். அதச் சொல்லத்தான் மெனக்கெட்டு வந்தீங்கன்னா, சொல்லியாச்சு, கேட்டாச்சு. என் வயித்தெரிச்சல் எல்லாம் அவளக் கொண்டுபோய் அந்தக் காட்டுல போட்டீங்களே, அதுல.

போடலையா? பின்ன அதுக்கு என்னங்க பேரு? பொட்டி கெடையாது, கல்லு கெடையாது, பேரு எழுதக்கூடாது. துணியச் சுத்தி, மண்ணத் தள்ளி, மேல ஒரு மரக்கன்ன நட்டுட்டு வந்துட்டோம். காய்கறித் தோலு கூட அப்படித்தான் பொதைக்கிறாங்க.

அவ ஆசைதான், தெரியும். நீங்க எனக்குப் புதுசாச் சொல்ல வேணாம். நிலம் அளக்குற வேல பாத்தவ இல்லையா, எதுக்கெடுத்தாலும் அளவுதான். இடுகாட்டப் பெருசாக்கணும்னு பின்னால குடியிருந்தவங்களக் கெளப்பி விட்டாங்களே, அந்த எடத்த அளந்ததே இவதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு எறங்கல. செத்தவனுக்குச் சிமெண்டுல மெத்த கட்டிக் குடுத்துட்டு, இருக்கறவனத் தெருவுல நிறுத்துறாங்கம்மான்னா. கடைசியில ஆறடி நிலந்தான் சொந்தம்பாங்களே, அந்த ஆறடியும் எனக்கு வேணாம், மரத்துக்குக் குடுத்துடுங்கன்னா. நியாயமாத்தான் பேசினா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துட்டுப் பேசறவகிட்ட நான் என்னத்த எதுத்துப் பேச? நீங்கதான் பேசியிருக்கணும். நீங்க பக்கத்துல நின்னு எல்லாத்துக்கும் தலைய ஆட்டினீங்க.

அன்னிக்கு அந்தக் காட்டு வாசல்ல நான் பட்டது மறந்துபோச்சா உங்களுக்கு? அவளச் சுத்தற துணிய நான்தான் தைப்பேன்னு அடம் புடிச்சேன். பருத்தித் துணியாப் பாத்துப் பாத்து வாங்கி, ஓரம் பிரியாம ரெட்டத் தையல் போட்டு எடுத்துட்டு வந்தேன். காலம் பூரா மெஷின் மிதிச்சவ, நூலப் பத்தி யோசிக்கல பாருங்க. அந்தக் காவக்காரன் வெரலால ஓரத்தத் தடவிட்டு, அம்மா, துணி சரி, நூலு பாலியஸ்டரு, மண்ணுல மக்காது, உள்ள விட மாட்டேன்னுட்டான். இன்னிக்கு எந்தத் தையக்காரி பருத்தி நூலு வச்சிருக்கா? எம்பொண்ணு வண்டிக்குள்ள காத்துக் கெடக்கா, நான் தரையில உக்காந்து போட்ட தையல ஒண்ணொண்ணாப் பிரிக்கிறேன். அவனே எங்கேயோ போய் ஒரு கண்டு பருத்தி நூலு கொண்டாந்தான். இழுத்தா அறுந்துபோகுது, கோத்து இழுத்தா மறுபடி அறுந்துபோகுது. நீங்க என்னடான்னா முதுகக் காட்டிட்டு நிக்கிறீங்க.

அழுதீங்களா? அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதா எனக்கு எப்படித் தெரியும்? சரி, விடுங்க.

இப்பப் போனா எது எம்பொண்ணுன்னே தெரியல. மழைக்குப் பொதரு மண்டிப்போச்சு. உங்க போன்ல புள்ளி வச்சுக் காட்டும், என் போன்ல பேச மட்டுந்தான் முடியும். காவக்காரன் முன்னால நடந்தாத்தான் எனக்கு வழி. போன வாரம் அவனக் காணோம், நானே கண்டுபிடிச்சுக்கறேன்னு போய், ஒரு மரத்தக் கட்டிப் புடிச்சுட்டு வாய்விட்டு அழுதேன். அப்புறமா வந்து சொல்றான், அம்மா, அது ஒரு வக்கீலோட மரம்னு. முன்னப்பின்ன தெரியாத வக்கீலுக்கு அவ்ளோ கண்ணீரு!

சிரிக்கிறீங்களா? இல்லையா? பல்லு தெரிஞ்சுதே.

அவன்தான் அப்புறம் சரியான மரத்தக் காட்டினான். அங்க வச்சுத்தான் இன்னொண்ணும் சொன்னான். அவளுக்கு ஒட்டினாப்புல ஒரு எடம் சும்மா கெடக்காம். அந்தப் பக்கம் மத்ததெல்லாம் நெறஞ்சுபோச்சாம். அது உங்க பேருல இருக்காம், அவளுக்கு எடம் புடிச்சப்பவே உங்களுக்கும் சேத்துப் புடிச்சீங்களாம்.

எதுக்கு இப்பத் தலை குனியிறீங்க? தப்புன்னு சொன்னேனா? அன்னிக்கு மனசார வச்சிருப்பீங்க. ஆனா இனிமே உங்க பக்கத்துல இன்னொருத்தி வர்றா. நாளைக்கு அவ கேப்பா, கேக்கத்தான் செய்வா. அதனால அத என் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. எனக்கு அந்தக் காடு புடிக்கல, இப்பவும் சொல்றேன், சுத்தமாப் புடிக்கல. ஆனா எம்பொண்ணு அங்கதான இருக்கா. மாத்திட்டு வந்து சொல்லுங்க மாப்பிள்ள, உங்க கல்யாணத்துக்கு நான் வந்து முன்னால உக்கார்றேன்.