கல்லை எடுக்க ஆள்

மத்தியானம் ரெண்டு மணி. ராத்திரி இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் மண்பாதை. ஈ, காக்கா இல்லை...

“பேய் மத்தியானம் டியூட்டி பார்க்குமாடி?” என்றாள் ஹாஸ்டல் அறையின் ஜன்னலோரக் கட்டில்காரி.

“மூடிட்டுக் கேளு,” என்றேன்.

என் பழைய அறைத்தோழி ஒருத்தியின் அத்தைக்கு நடந்தது இது. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. கொழுந்தன்மாரில் அதைவிட இல்லை.

மேட்டில் ஒற்றை வீடு. அத்தை, மூன்று வயது மகன், ஒரு கிழட்டு டிராக்டர். செல்ஃப் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணும் என்பதால் சரிவில்தான் நிற்கும். பிரேக் பிடிக்காது. கியரில் போட்டாலும் நழுவும். சக்கரத்துக்கு முன்னால் பெரிய கல் ஒன்றை முட்டுக்கொடுத்திருப்பார்கள். கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, கிளட்சை மிதித்தபடி. இன்னொருவர் கீழே, கடப்பாரையால் கல்லை நெம்ப. வண்டி உருளும்போது கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

போன வருஷம் கீழே நின்றவர் மாமா. கால் வழுக்கிவிட்டது. மேலே இருந்தது அத்தை. சக்கரம் ஏறி... இறங்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கொழுந்தன் வந்து, வண்டியை மறுபடி அதே மேட்டில் ஏற்றி, அதே கல்லை வைத்துவிட்டுப் போனான். அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு. ஆம்புலன்ஸுக்கு அடித்தால், “பாதை மோசம்மா, மெயின் ரோடு வரைக்கும் கொண்டாந்துடுங்க.” நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். கொழுந்தனுக்கு அடித்தாள். “எங்கண்ணனைக் கொன்ன வண்டி. நான் தொடமாட்டேன்.” வைத்துவிட்டான். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தப் பெரிய மனுஷன்.

மெக்கானிக்தான் போனில் சொன்னார். “பேட்டரி டெர்மினலைச் சுரண்டுங்கக்கா.” சுரண்டினாள். சாவியைத் திருப்பினாள். டக்... அவ்வளவுதான்.

“டீசல்லயும் காத்து புடிச்சிருக்கும். ஃபில்டர் திருகை லேசா விட்டுட்டு, கைப்பம்பை அடிங்க.” நுரை நுரையாய் வந்தது. பிறகு தெளிந்த டீசல். இறுக்கினாள். டக்...

“செல்ஃப் போச்சுக்கா. உருட்டித்தான் எடுக்கணும். கல்லை எடுக்க ஆள் இருக்கா?”

இல்லை.

பையனைத் துணியால் முதுகோடு கட்டினாள். நெருப்பாய்க் கொதித்தான். தானே நெம்பிப் பார்த்தாள். கல் இம்மி அசையவில்லை. அசைந்தாலும் வண்டி அவளை விட்டுவிட்டு ஓடும். ஆனாலும் மேலே ஏறி உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள்? கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, வெறும் பாதையைப் பார்த்துக் கத்தினாள்.

“யாராவது எடுங்களேன்...”

கீழே கடப்பாரை கல்லில் உரசியது. கர்ர்ர்க்.

வண்டி நகர்ந்தது. சக்கரம் எதன் மீதோ ஏறி... இறங்கியது. மெத்தென்று. அந்தக் குலுக்கல் அவளுக்குத் தெரியும். கிளட்சை விட்டாள். எஞ்சின் பிடித்தது. திரும்பிப் பார்த்தாள். பாதையில் ஒன்றுமில்லை.

கட்டில்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போதும்டி...”

போதாது. பாதி வழியில் எஞ்சின் இருமி நின்றது. வண்டி மெல்ல நழுவ, குதித்திறங்கி ஒரு கல்லைச் சக்கரத்தடியில் தள்ளினாள். மறுபடி திருகு, மறுபடி பம்பு. ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. “என்னங்க... புள்ளைக்காக...”

கர்ர்ர்க். ஏறி... இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை விட்டாள்.

மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிந்தபோது மூன்றாவது முறையாக நின்றது. தூரத்தில் ஆம்புலன்ஸ், வெள்ளையாய். கல்லை வைத்தாள். காற்றை எடுத்தாள். ஏறினாள். “கடைசியா ஒரே ஒரு தடவைங்க...”

சக்கரம் ஏறி இறங்கியது. பக்கத்திலேயே இன்னொரு குலுக்கல்... சின்னதாய்.

எஞ்சின் பிடித்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

முதுகு இப்போது ஜில்லென்று இருந்தது. பையன் முனகவில்லை. அப்பாடா, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நினைத்தாளாம் அத்தை. சிரித்துக்கொண்டே ஆம்புலன்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினாளாம்.