கூண்டுக்குத் திரும்பிய தூபு

ஜெர்பில் எலியைப் பழக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். முதல் வாரம் கூண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மோந்து பார்க்கும், மணலைக் கிளறும், ஓடிவிடும். எட்டிப் பிடிக்கக் கூடாது. வாலைப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். பிறகு ஒரு நாள் தானாகவே உள்ளங்கையில் ஏறிப் பூசணி விதை தின்னும்.

இதையெல்லாம் யேரினுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் மகள், ஒன்பது வயது. விவாகரத்துக்குப் பின் மாதம் இரண்டு சனிக்கிழமை எனக்கு என்றது நீதிமன்றம். தேஜொன் நகரில் இருக்கும் அவள் அம்மா வீட்டிலிருந்து அவளைப் பேருந்தில் அழைத்து வருவேன். பையில் அவள் அம்மா சுருட்டிய கிம்பாப் சோற்றுருளை இருக்கும். அதை நான் தொட மாட்டேன். தண்ணீரில்லாத குளியல் தொட்டியில் இருவரும் காலை மடக்கி உட்காருவோம். என் எலிகள் இரண்டும், வெள்ளைத் தூபுவும் கறுப்புக் கோங்கும், அவள் சட்டைக் கைக்குள் நுழைந்து கழுத்து வழியாக வெளியே வரும். ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுக்கும்.

மார்ச்சில் அவள் கேட்டாள். "தூபுவை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்பா. அங்கிள் பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கித் தரேன்னாரு." அங்கிள் என்பது அவள் அம்மாவின் புதுக் கணவர்.

"அப்ப கோங் தனியா என்ன பண்ணும்?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

இந்த இரண்டும் இருந்ததால்தான் அவள் என்னிடம் வந்தாள். இன்று ஒன்று போகும், நாளை மற்றதும் போகும். அப்புறம் நான் யார்? ஆனாலும் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, அக்காவைப் பார்க்கட்டும் என்று தூபுவை ஒரு டப்பாவில் தூக்கி வந்தாள். அத்தனை நாள் பிரிந்தால் உடம்பு வாசனை மாறிவிடும். கூடப் பிறந்ததும் அந்நியம்தான். நடுவில் கம்பி வலை போட்டு, தினமும் இடம் மாற்றி வைத்து, ஒரு வாரமாவது பழக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளாக வளர்க்கிறேன். வலை அலமாரியில்தான் இருந்தது.

"நேரா உள்ள விடலாமாப்பா?"

"விடு கண்ணு. அக்கா தங்கச்சிதானே."

அவள் கையாலேயே விட்டாள். இரண்டும் பந்தாக உருண்டன. தடித்த கையுறை போட்டுப் பிரித்திருக்கலாம். அவள் கத்தக் கத்த, நான் கையுறையைத் தேடுவதுபோல் நின்றேன். கோங் மட்டும் பிழைத்தது.

"அந்த வீட்டு வாசனை தூபு மேல ஒட்டிக்கிச்சும்மா," என்றேன். "அங்க போனா இப்படித்தான்."

தெரிந்துதான் செய்தேன், நீதிமன்றத்துக்குத் தரும் உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அவள் தன் கைகளைப் புண்ணாகும்வரை கழுவுகிறாள் என்கிறீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலம் வரை அவள் என் சட்டையை விடவே இல்லை, மேடம். இந்த இரண்டு ஆண்டில் எங்களுக்கு அப்படி ஒரு நல்ல சனிக்கிழமை அமைந்ததே இல்லை.