மார்லிஸின் கணினியில் ஒரு கடிகாரம்

வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில்கூட வெளியே யாருடனாவது பேசிக்கொண்டுதான் இருக்கும். பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். மார்லிஸும் பயந்தாள்.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. கணவர் போன பிறகு அவள் வாசலில் பனி தள்ளுவது, கணினி மக்கர் செய்தால் பார்ப்பது எல்லாம் நான்தான். வீட்டுச் சாவிகூட என்னிடம் ஒன்று உண்டு. நம் ஊரில் அது பெரிய விஷயமில்லை, ஊர்க் காவலைப் பார்க்கிற உங்களுக்கே தெரியும், ஷெரீப்.

சர்ச்சில் யாரோ சொல்லிக்கொடுத்து, கணினி எந்தெந்த சர்வரோடு தொடர்பில் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். சமையலறை மேசையில் எனக்குக் காப்பியை வைத்துவிட்டுத் திரையைத் திருப்பினாள்.

"ஆர்விட், இதுல பாதிப் பேரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்குள்ள இவங்களுக்கு என்ன வேலை?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது வானிலை, இது வைரஸ் பார்ப்பது, இது மகன் அனுப்பும் படங்கள் வந்து சேருமிடம். எல்லாம் உண்மை.

"அப்போ இது? நான் தொடாதப்பவும் முழிச்சுக்கிட்டே இருக்கே."

"அது கடிகாரம், மார்லிஸ். நேரத்தைச் சரிபார்க்குது. அதை வெட்டினா எல்லாம் குழம்பிடும்."

"சரி, விட்டுடறேன். ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்ல வந்து உக்காந்துடுவேன், பாத்துக்கோ" என்று சிரித்தாள்.

அந்த இணைப்பு என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் கணினியின் கேமராவும் மைக்கும் என் திரைக்கு வரும்படி நான்தான் வைத்திருந்தேன். எதையும் திருடவில்லை. அவள் குறுக்கெழுத்துப் போடுவதையும், ரேடியோவோடு சேர்ந்து பாடுவதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். தனியாக உட்கார்ந்தால் எனக்கு ஒரு வாய் இறங்காது.

பிப்ரவரியில் ஒரு காலை, நாற்காலியில் ஏறி மேல் அலமாரியில் எதையோ எடுக்கப்போனவள் விழுந்துவிட்டாள். எழ முடியவில்லை. தொலைபேசி வேறு அறையில் இருந்தது. நான் கோட்டை மாட்டிக்கொண்டு சாவியையும் எடுத்துவிட்டேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையில் என் வீட்டு வாசலிலேயே நின்றேன். அப்போது என் திரையில் அவள் தன் கணினியைப் பார்த்துப் பேசினாள்.

"ஆர்விட், அது நீதான்னு எனக்குத் தெரியும். கடிகாரம்னு சொன்னப்பவே உன் காது செவந்துடுச்சு. வீட்ல யாரோ இருக்கற மாதிரி இருக்கட்டும்னுதான் நானும் விட்டுவெச்சேன். கோவமெல்லாம் இல்ல. வந்துடு."

திட்டியிருந்தால் போயிருப்பேன். எல்லாம் தெரிந்தும் கோபம் இல்லை என்கிறவளின் முகத்தில் எப்படி விழிப்பது? கோட்டைக் கழற்றி மாட்டினேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தாங்க முடியாமல் ஒலியை அணைத்தேன். மறுநாள் மதியம்வரை அவள் உதடு அசைந்தது. அணைத்த குரல்தான் இப்போது என் வீடெங்கும் கேட்கிறது. என் கணினியை நீங்கள் எடுத்துப்போன பிறகும் நிற்கவில்லை.

இந்த வாக்குமூலத் தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் தனியாகக் கிடந்து செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒலியைத்தான் அணைத்தேன், படத்தை அணைக்கவில்லை. கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.