முருகனுக்குச் சொந்தக்காரர்

பாயான் லெப்பாஸ் போகும் காலைப் பேருந்தில், வழக்கம்போல் கண்ணை மூடி முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அண்ணே, முருகனுக்கு சொந்தக்காரர் யாரும் இல்லையாம். சாயங்காலம் நிறுத்திடுவாங்களாம்."

கண்ணைத் திறந்தேன். இருவர் கழுத்திலும் ஒரே தொழிற்சாலையின் அட்டை. முருகன் என்பது அங்கே பெரிய கம்ப்யூட்டருக்குள் ஓடும் சின்ன கம்ப்யூட்டர் ஒன்றின் பெயர் என்று போகப் போகத்தான் புரிந்தது.

"நைட் ஷிப்டு பஸ்ஸெல்லாம் அத நம்பித்தானே ஓடுது? யாரு நிறுத்துறது?"

"ஆளு இல்லண்ணே, புது சிஸ்டம். எல்லா மெஷினுக்கும் அதுவே டேக் ஒட்டுது, யாரு ஓனருன்னு. முருகனுக்கு அந்தோணி அண்ணன் பேரு இருந்துச்சு. அவருதான் ரிட்டயர் ஆயிட்டாரே."

அவர் சிரித்தார். "பேரு வெச்சதே அந்தோணிதான்லா. கரண்டு போய் வந்தா, பிள்ளையார முதல்ல எழுப்புங்க, அப்புறம்தான் முருகன்னு கத்துவாரு. ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போற மனுஷன்."

"இப்ப எல்லாம் தானா எழுந்துக்குது. பேரும் வெறும் நம்பருதான்."

"முருகன் ஒருத்தருதான் மிச்சம்."

"உங்க பேரப் போட்டுடவாண்ணே?" அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"முருகனுக்கு நான் ஓனரா? வேற வார்த்தை இல்லையா அதுல?"

"இல்லண்ணே."

அவர் குனிந்து, இரண்டு காலையும் சப்பாத்திலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, "சரி, போடு" என்றார்.