பழைய முறைக்கு விழுந்த பதினொரு பேர்

பல் வலி என்றால் எனக்கே பயம்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன், ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் வலி தெரியாத ஆள் என்று நேற்று இந்த அறையில் யாரோ என்னைப் பற்றிச் சொன்னார்களாம். அது சரியில்லை. வலி தெரிந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

விசாரணைக் குழுத் தலைவராக வந்திருக்கும் உங்களுக்குப் பல் மருத்துவம் பழக்கமில்லை என்றார்கள். அதனால் எளிமையாகவே சொல்கிறேன். ஈறு நோய் முற்றினால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து, வேரை ஒட்டி ஒரு குழி விழும். வேரில் கல்லாகப் படிந்திருக்கும் பற்காரையை அடிவரை சுரண்டி எடுத்தால் குழி ஓரளவு தூர்ந்து வரும், பல் நிற்கும். அதற்கு ஈறைத் திறக்க வேண்டும். பழைய முறையில் நாலைந்து பல் நீளத்துக்குக் கீறி, ஈறை எலும்பிலிருந்து பிரித்துத் தூக்கி வேலை செய்வோம். புதிய முறையில் இரண்டு பல்லுக்கு நடுவில் மட்டும் சின்னக் கீறல். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த இடுக்கு வழியாகவே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

பழைய முறையில் செய்துகொண்டவர்கள் மறுநாள் வந்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். கன்னம் வீங்கி, உதடு கோணி இருக்கும். ஒரு பள்ளி ஆசிரியை வாயைத் திறக்க முடியாமல், "இப்படின்னு தெரிஞ்சிருந்தா பல்லே போகட்டும்னு விட்டிருப்பேன்" என்று தாளில் எழுதிக் காட்டினார். சின்னக் கீறல் போட்டுக்கொண்டவர்கள் மறுநாளே வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது போதும். எங்கள் துறைத் தலைவருக்குப் போதாது.

"பொட்டு வைக்கிற அளவுக்கு ஓட்டை போட்டுட்டு பெரிய ஆபரேஷன்னு சொல்லிக்கிற. எலும்பு கூடுதலா வளருதான்னு காட்டு, அப்புறம் பேசலாம்" என்பார். அவர் கை நல்ல கை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

காட்டுவதற்காகத்தான் ஆய்வு தொடங்கினேன். நாற்பது நோயாளிகள், இருபது பேருக்குப் பழையது, இருபது பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைகள் தீர்மானிக்கும். அறுவை நாளன்று நர்ஸ் அடுத்த உறையைப் பிரித்துப் படிப்பார். இரண்டையும் செய்வது நான். ஒரு வருடம் கழித்தும் இரண்டு வருடம் கழித்தும் குழியின் ஆழத்தை அளப்பவர் வேறொரு மருத்துவர். எந்த நோயாளி எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாது. இந்த ஒழுங்கில் ஒரு பிசகு இல்லை. ஒரு உறையைக்கூட நான் முன்கூட்டியே பிரித்ததில்லை, ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பதினெட்டுப் பேரின் ஒரு வருட அளவு வந்தது. இரண்டு குழுவிலும் எலும்பு ஒரே மாதிரி வளர்ந்திருந்தது. அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. வலியும் வீக்கமும் குறைவு என்பது மட்டும் மிச்சம். துறைத் தலைவர் தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. நான் செய்யறதையே செஞ்சுட்டுப் போறேன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். இன்னும் இருபது வருடத்துக்கு இங்கே எத்தனை கன்னம் வீங்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். எதுவும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டேன். பழைய முறைக்கு விழுந்தவர்களுக்கு ஈறைத் திறந்தேன், குழியைச் சுத்தம் செய்தேன், வேரைச் சுரண்டினேன். வேரின் அடியில் கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் தொடவில்லை. காரையை அப்படியே விட்டு, மேலே ஈறை மூடி அழகாகத் தையல் போட்டேன். அதையும் சுரண்டியிருந்தால் ஒரு நிமிட வேலைதான். புதிய முறைக்காரர்களுக்கு வழக்கம்போல அடிவரை சுத்தம் செய்தேன்.

அப்படிப் பதினொரு பேர். அவர்களும் என் நோயாளிகள்தான். விசாரித்தேன், மாத்திரை கொடுத்தேன், வலி எப்படி இருக்கிறது என்று போன் செய்து கேட்டேன். ஒவ்வொருவருக்காகவும் வருத்தப்பட்டேன்.

பதினொன்றாவது ஆள் என் அண்ணன்.

அவன் நகர இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவன். அந்த வாத்தியத்தின் முனை மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் ஊன்றி நிற்கும். பல் ஆடினால் முடிந்தது, ஊத முடியாது. அவனுக்கு அந்த இரண்டு பல்லுக்கு நடுவில்தான் குழி விழுந்திருந்தது. ஒரு வருடமாக ரத்தம் வந்ததை என்னிடம் சொல்லவே இல்லை. அண்ணிதான் பிடித்து இழுத்து வந்தாள். "தம்பி ஊருக்கெல்லாம் ஈறு பாக்கறான், இவரு தலகாணி உறையெல்லாம் ரத்தம். கேட்டா தக்காளி சாப்பிட்டேங்கறாரு" என்றாள்.

ஆய்வில் சேராமலே அவனுக்குச் சின்னக் கீறல் போட்டிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

"உனக்கு ஆள் பத்தலையாமே? என்னையும் சேத்துக்கோ. என்னால உனக்கு வேற என்னடா செய்ய முடியும்?"

"அண்ணா, உறையில எது வருதோ அதுதான். நான் மாத்த முடியாது."

"எது வந்தா என்ன? கை உன் கைதானே."

நர்ஸ் உறையைப் பிரித்தார். பழைய முறை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேற கவர் எடுத்துக்கலாம் டாக்டர். சொந்த அண்ணன்தானே, யாரு கேக்கப் போறா?" நான் மறுத்துவிட்டேன். அவரைக் கடிந்துகொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். நேர்மை இல்லாமல் ஆய்வு எதற்கு?

ஊசி போட்டு, ஈறைத் திறந்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாட்டின் தாளத்தை விரலால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தான். அடியில் காரை நன்றாகத் தெரிந்தது. சுரண்டும் கருவி என் கையில்தான் இருந்தது. சுத்தம் செய்துவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்பா போனபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் அவன். ஆனால் மற்றப் பத்துப் பேரும் யாருக்கோ அண்ணனாகவோ அக்காவாகவோ இருந்திருப்பார்கள் அல்லவா? விட்டுவிட்டேன். தையலை மட்டும் மிக நுணுக்கமாகப் போட்டேன். அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்றேகால் வருடத்தில் வலது பல் ஆடத் தொடங்கியது. அவன் என்னிடம் வரவில்லை. தம்பி மனசு கஷ்டப்படும் என்று நேராகத் தலைவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டான். எனக்குச் செய்தி வந்தபோது அவன் இசைக்குழுவிலிருந்து விலகி ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போனேன். வாத்தியத்தைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீ நல்லாத்தான்டா செஞ்சே. நான்தான் ஒழுங்காப் பல்லு தேய்க்கல போல. உன் கணக்குல ஒண்ணு குறைஞ்சுபோச்சு, மன்னிச்சுக்கோ" என்றான்.

அண்ணி உள்ளே போய்விட்டாள். இல்லை அண்ணா, நீ நன்றாகத்தான் தேய்த்தாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

பிடுங்கிய பல்லைத் தலைவர் எறியவில்லை. மறுநாள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு என் மேசைமேல் வைத்தார். வேரின் மேல்பாதி வழவழவென்று இருந்தது. கீழே கோடு கிழித்தாற்போலக் காரை தொடங்கியது.

"புதுசா படிஞ்சா இப்படிக் கோடு போட்டு நிக்காது" என்றார். "முப்பது வருஷமா பாக்கறேன். இது விட்டுப்போனது இல்ல. விட்டது." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர்தான் உங்களுக்கு எழுதினார். எழுதியது சரி. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பதினொரு பேரின் பெயரும் இதோ இந்தத் தாளில் இருக்கிறது. ஒன்பது பேருக்கு இரண்டாம் வருட அளவு முடிந்துவிட்டது. அவர்களை நாளைக்கே கூப்பிட்டுத் திறந்து சுத்தம் செய்யலாம், பாதிப் பல்லாவது நிற்கும். மீதி இரண்டு பேரில் ஒருவன் என் அண்ணன். ஆய்வுக்கு எடுத்தது அவனுடைய இடது முன்பல். அது இன்னும் வாயில் இருக்கிறது, ஆடுகிறது. இந்த வாரமே திறந்தால் காப்பாற்றிவிடலாம், பக்கத்தில் கட்டுப்பல் வைத்து மறுபடி ஊதலாம் என்று தலைவர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் தம்பி சொல்லாமல் யாரையும் வாயில் கை வைக்க விடமாட்டேன் என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறான். விசாரணை முடியும்வரை அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்பது உங்கள் குழுவின் உத்தரவு. அதனால் அவனுக்கு எதுவும் தெரியாது.

நேற்று போனில் கேட்டான். "பெரிய டாக்டர் உடனே செய்யணுங்கறாரு. நீ என்ன சொல்றே? நீ சொன்னா சரி."

ஆறு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு இரண்டாம் வருட அளவு எடுக்கும் நாள் அன்றைக்குத்தான் வருகிறது. இப்போதே திறந்தால் அந்த அளவு கெட்டுவிடும். ஒன்பது பேர் அந்த நாள்வரை காத்திருந்தார்கள். அவனுக்கு மட்டும் முன்னாலேயே செய்தால் நான் சலுகை காட்டியவன் ஆகிவிடுவேன், அதுவும் சொந்த அண்ணனுக்கு.