சிவப்புப் பட்டை

தண்ணீர் போதும், நன்றி. நீங்கள் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். அப்படி அடிக்கிறவர்களோடு வேலை செய்து எனக்குப் பழக்கம் உண்டு.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. வார்டு சிஸ்டர் கையிலிருக்கும் டேப்லெட்டில் நோயாளியின் பெயரைத் தொட்டால், கொடுக்க வேண்டிய மருந்து வரும். அது அந்த நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் திரையின் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை விழுந்து, 'கொடுத்தாயிற்று' என்று அழுத்தும் பொத்தானை மறைக்கும். பட்டை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது ஒரு வரி எழுத்துதான். அதைச் சிவப்பாக்கி, பெரிதாக்கி, குறுக்கே நிறுத்துவது தனியாக ஒரு ஸ்டைல் கோப்பு. அந்தக் கோப்பு வராவிட்டால் எச்சரிக்கை பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும்.

ஒன்பது வருஷமாக ஸ்டைல் கோப்புகளை நான்தான் பக்கத்தோடு நேரடியாக இணைத்து வந்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. பிசகாத வேலையை யாரும் கவனிப்பதில்லை, அது வேறு விஷயம்.

பிறகு பெயிண்டர் வந்தாள். படம் வரையும் பிரிவிலிருந்து வந்தவள் என்பதால் ஆபீஸில் அந்தப் பெயர். ஆறு மாதம் வீடியோ பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி கற்றவள். ஸ்டைல் கோப்புகளை ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே இம்போர்ட் செய்யலாம், கோப்புகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித்தரும் பண்ட்லரில் பிளகின் என்று ஒரு துணை நிரலைச் செருகினால் போதும் என்று மீட்டிங்கில் சொன்னாள். நெருப்பையே இவள்தான் கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம். மேனேஜர் 'சபாஷ்' என்றார். பிரிண்டரில் பேப்பர் வந்தாலே சபாஷ் சொல்கிறவர் அவர். ஆனாலும் ஒன்பது வருஷத்தில் என் பக்கம் திரும்பி அதைச் சொன்னதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், வருத்தம் இல்லை.

முதலில் ஒரே ஒரு கோப்பை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவானது. எந்தக் கோப்பு என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. நான் பட்டையைச் சொன்னேன். சின்னக் கோப்பு, பன்னிரண்டு வரி, பழகுகிறவர்களுக்கு ஏற்றது.

பண்ட்லர் மூட்டை கட்டும்போது, யாரும் பயன்படுத்தவில்லை என்று தோன்றுவதைக் கழித்துவிடும். ஸ்டைல் கோப்பு அதன் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆகவே, ஸ்டைல் கோப்புகளைக் கழிக்காதே என்று ஒரு வரி விதிவிலக்கு எழுதி வைக்க வேண்டும். பெயிண்டர் எங்கிருந்தோ நகலெடுத்து அதைப் போட்டும் இருந்தாள், என்னவென்று தெரியாமலே. இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, இந்த வரி எதுக்குன்னே புரியல. எடுத்துப் பார்த்தேன், என் மெஷின்ல பட்டை ஒழுங்காதான் வருது. தூக்கிடவா?"

எனக்குத் தங்கை கிடையாது. அவள் மெஷினில் பட்டை வரத்தான் செய்யும். அங்கே பண்ட்லர் எதையும் கழிப்பதில்லை. மருத்துவமனைக்குப் போகும் மூட்டையில்தான் கழிக்கும். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாதவர்களுக்குத்தான் இந்தக் காலத்தில் சபாஷ்.

"உன் பிளகின், உனக்குத் தெரியாததாம்மா?" என்றேன்.

அவள் வரியை எடுத்தாள். அதைச் சரிபார்க்க வேண்டியவன் நான். 'சுத்தமாக இருக்கிறது' என்று எழுதி ஒப்புதல் தந்தேன். மூட்டை தயாரானதும் திறந்தும் பார்த்தேன், பார்க்காமல் அனுப்புகிற ஆள் நான் இல்லை. பட்டையின் ஸ்டைல் அதில் இல்லை. திங்கட்கிழமை காலை அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்காரர்கள் முன்னால் அவர்களுடைய டேப்லெட்டிலேயே அவள் இதைச் செய்துகாட்டுவதாக இருந்தது. பட்டை வராமல் அவள் திருதிருவென்று முழிக்க வேண்டும், மேனேஜர் என் பக்கம் திரும்ப வேண்டும், நான் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டு உட்கார வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். நடுவில் முழுசாக நான்கு நாள் இருந்தது. பதினான்கு பேர் சம்பளம் வாங்குகிற ஆபீஸில் ஒருத்தருக்கும் கண் இல்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்.

வியாழக்கிழமை இறந்துபோன அந்தத் தையல்காரப் பெண்மணியை எனக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயது, காலில் புண், பென்சிலின் ஆகாது. அந்த விவரம் பக்கத்தின் அடியில் இருக்கத்தான் செய்தது.

பெயிண்டர் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் 'நான்தான் கொன்னுட்டேன்' என்று அழுதுகொண்டிருக்கிறாள். பாருங்கள், அதையும் தப்பாகத்தான் சொல்கிறாள். அவள் விட்டது வெறும் பிழை, எந்தக் கற்றுக்குட்டியும் விடுகிற பிழை. அதை நம்பி நீங்கள் அவள் மேல் வழக்கு எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். என் வேலையை இன்னொருத்தர் பெயரில் எழுதுவதை இதற்கு மேலும் என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளிலிருந்து சந்தேகம் கேட்டு வரும் போனை நாங்கள் முறை வைத்து எடுப்போம். வியாழக்கிழமை காலை என் முறை. பதினொன்றரைக்கு அந்த வார்டு சிஸ்டர் கூப்பிட்டாள்.

"சார், ஊசி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். நாலு நாளா யாருக்குமே சிவப்பு வரல. வரலைன்னா மருந்து ஒத்துக்கும்னுதானே அர்த்தம்?"

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. நான் உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும், பெயிண்டர் தப்பித்துவிடுவாள்.

"ஆமா சிஸ்டர், ஒத்துக்கும்னுதான் அர்த்தம். தைரியமா போடுங்க" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். இந்த விவகாரத்தில் வேலையை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் அந்த சிஸ்டர்தான். அவளைப் பற்றி மட்டும் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.